மயிரிழையில் நின்ற எழுத்து

முதல் தாள் இயந்திரத்திலிருந்து வெளியே வந்தபோது, கறுப்புப் பக்கத்தின் நடுவில் வெள்ளைக் குச்சிகள் சில வலப்பக்கம் சாய்ந்து வரிசையாக நின்றன. ‘அண்டான்டே’ என்ற இசை வேகக்குறி இருக்கவேண்டிய இடம் அது. இயந்திரத்தை ஓட்டியவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “இது என்ன மொழி?” என்றார். கேலி இல்லை. உண்மையாகவே கேட்டார்.

ஒரு தந்தி நால்வர் குழுவின் ஒரு பருவத்துக்கான அச்சு வேலை. இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ, ஐந்து கச்சேரிகள். ஏ1 அளவுச் சுவரொட்டி, 24 பக்கக் கையேடு, நுழைவுச்சீட்டு, ஓர் இணையப் பக்கம் என்று நான்கு பொருள்கள். எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்துரு: 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிசில் டிடோ குடும்பமும் பார்மாவில் ஜாம்பத்திஸ்தா போதோனியும் கொண்டுவந்த பாணியில் இன்று வரையப்பட்ட ஒரு செரிஃப், அதாவது கோடுகளின் முனையில் சிறு பாதம் வைத்த எழுத்து. தண்டுகள் தடித்திருக்கும், அவற்றை இணைக்கும் கோடுகள் மயிரிழையாக மெலிந்திருக்கும். அதன் நேர் எழுத்தை ஓரங்கட்டிவிட்டு, சாய்ந்த வடிவான இட்டாலிக்கை முன்னால் நிறுத்தினேன். எழுத்துருவின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை, பிழை அதனுடையது அல்ல.

இட்டாலிக்கை எடுத்ததற்கு முதல் காரணம் கொஞ்சம் எதிர்மறையானது. இந்தப் பாணியின் நேர் எழுத்தைப் பார்த்தவுடன் நினைவுக்கு வருவது ஃபேஷன் இதழின் அட்டையும் வாசனைத் திரவியப் பெட்டியும்தான். ‘வோக்’ இதழின் பெயரே டிடோ பாணி எழுத்தில்தான் இருக்கிறது. குழுவினர் என் முதல் வரைவைப் பார்த்து “நாங்கள் எதையோ விற்பது போல இருக்கிறது” என்றார்கள். நியாயம்தான். அந்த நேர் எழுத்து தூண்கள் நிறைந்த மண்டபம் மாதிரி, அசையாமல் நிற்கும். அதே குடும்பத்தின் இட்டாலிக்கோ நடக்கும்.

இரண்டாவது காரணம் இசைத்தாளிலேயே இருந்தது. மென்மையாக வாசி, ஓங்கி வாசி என்று சொல்ல இசைத்தாளில் ‘பி’ (p), ‘எஃப்’ (f) என்று குறிகள் இடுவார்கள். அந்தக் குறிகள் காலங்காலமாகத் தடித்த தண்டும் மெல்லிய வாலும் கொண்ட சாய்ந்த செரிஃப் எழுத்துகள்தான். ஆக, நான் தேடிய எழுத்துரு நால்வரின் மேசையில் ஏற்கெனவே கிடந்தது. அதோடு, இந்த இட்டாலிக்கின் கோடுகள் முடியும் இடங்களில் சிறு உருண்டைகள் தொங்கும். அவை சுரக்குறியின் தலைபோலவே இருக்கும். இது தற்செயல் ஒற்றுமைதான், ஆனால் வடிவமைப்பாளர்கள் தற்செயலை விடமாட்டார்கள்.

இந்த எழுத்தின் குணம்

இட்டாலிக் என்றால் நேர் எழுத்தைப் பிடித்துச் சாய்த்தது என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உண்டு. தமிழ் எழுத்தை மென்பொருளில் சாய்த்தால் கிடைப்பது சாய்ந்த தமிழ் எழுத்து, அவ்வளவுதான். ரோமன் எழுத்தில் அப்படியில்லை. இட்டாலிக் வேறொரு கையெழுத்தின் வாரிசு. 1501-இல் வெனிஸில் ஆல்டஸ் மனூட்டியஸ் ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் கவிதைகளைச் சிறு அளவுப் புத்தகமாக அச்சிட்டபோது, பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிய அந்த எழுத்து அன்றைய படித்தவர்களின் ஓட்டக் கையெழுத்தைப் பின்பற்றியது. வேடிக்கை என்னவென்றால், அதில் சிறிய எழுத்துகள் (a, b, c) மட்டுமே சாய்ந்திருந்தன. பெரிய எழுத்துகள் (A, B, C) நிமிர்ந்தே நின்றன. நேர் எழுத்துக்குத் துணையாக, ஒரு சொல்லை அழுத்திக் காட்ட வரும் வேலையும் அதற்கு அப்போது இல்லை. முழுப் புத்தகமுமே அதில்தான்.

கிரிஃபோவின் எழுத்துக்குப் பின்னால் இருந்தது அகல முனைப் பேனா. அதில் தடிப்பும் மெலிவும் பேனாவைப் பிடிக்கும் கோணத்தால் வரும். 18ஆம் நூற்றாண்டில் நிலைபெற்ற கூர்முனைப் பேனா வேறு சாதி. அதன் முனை பிளந்தது, வளையக்கூடியது. கீழே இழுக்கும்போது அழுத்தினால் முனை விரிந்து கோடு தடிக்கும். மேலே தள்ளும்போது அழுத்த முடியாது, அழுத்தினால் முனை தாளைக் குத்திக் கிழிக்கும். எனவே மேலேறும் கோடு எப்போதும் மயிரிழைதான். தடிப்புக்கும் மெலிவுக்கும் வேறுபாடு மிகுந்த இட்டாலிக்கின் இலக்கணம் முழுவதும் இந்த ஒரு விதிக்குள் அடங்கிவிடுகிறது. சிறிய ‘என்’ (n) எழுத்தைப் பாருங்கள்: இடப்புறத்திலிருந்து ஒரு மெல்லிய கோடு ஏறிவரும், தண்டு தடித்து இறங்கும், அடியில் தொடங்கி மீண்டும் மயிரிழை மேலேறி வளைந்து அடுத்த தண்டைப் பிடிக்கும். ‘எஃப்’ கோட்டுக்குக் கீழேயும் இறங்கி இரு முனைகளிலும் உருண்டையோடு நிற்கும். ‘ஏ’ (a) நேர் எழுத்தில் இருப்பதுபோல் இரண்டடுக்கு அல்ல, ஒற்றை வயிறு. நேர் எழுத்தில் கூர்மையாக நிற்கும் ‘வி’ (v) இங்கே வளைந்து குழைந்துவிடும்.

பேனாவில் எளிதாக வந்தது ஈயத்தில் வர வேறு சில ஏற்பாடுகள் தேவைப்பட்டன. பர்மிங்காமின் ஜான் பாஸ்கர்வில் முதலில் கையெழுத்து கற்பித்தவர், கல்லறைக் கற்களில் எழுத்து வெட்டியவர். 1757-இல் அவர் அச்சிட்ட வெர்ஜிலுக்காக மையைக் கறுப்பாக்கினார், வழவழப்பான தாளைத் தேடினார், அச்சடித்த தாளைச் சூடான செப்புத் தகடுகளுக்கு இடையே வைத்து அழுத்தினார். சொரசொரப்பான தாளில் மயிரிழை நிற்காது. போதோனியும் டிடோக்களும் அடுத்த தலைமுறையில் அதே வழியில் எல்லைவரை போனார்கள். மயிரிழை என்பது ஒரு வரைகலை முடிவு என்றே நாம் நினைக்கிறோம். தாளும் மையும் அனுமதித்த அளவு அது, அதற்குமேல் இல்லை.

சுவரொட்டியும் கையேடும்

சுவரொட்டி நன்றாகவே வந்தது. குழுவின் பெயர் 210 பாயிண்டில் (பாயிண்ட் என்பது எழுத்தளவின் அலகு, சுமார் 0.35 மி.மீ.). நான் எடுத்த எழுத்துருவின் மயிரிழையை வரைபடத்தில் அளந்தேன்: ஆயிரம் அலகு உயரத்துக்கு 14 அலகு. 210 பாயிண்டில் அது ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். இயல்பான கண்ணின் பிரித்தறியும் எல்லை ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு என்று கொண்டால், ஒரு மி.மீ. கோடு மூன்றரை மீட்டர் தூரம்வரை கறுப்பாகவே தெரியும். அதற்கப்பால் மறையாது, வெளிறத் தொடங்கும். தெருவின் எதிர்ப்புறம் நின்று பார்த்தால் தண்டுகளே முன்னால் வரும், கிட்டே நடந்து வர வர இணைப்புகள் ஒவ்வொன்றாகத் தோன்றும். இதை நான் திட்டமிடவில்லை. திட்டமிட்டதாக அப்போது சொல்லிக்கொண்டேன்.

கையேட்டில்தான் சறுக்கினேன். உட்பக்கங்கள் முழுக் கறுப்பு, எழுத்து வெள்ளை, அதாவது ரிவர்ஸ். இசைக் கையேட்டில் இட்டாலிக்குக்கு உண்மையான வேலை இருக்கிறது. படைப்பின் ஒவ்வொரு பகுதியும் தன் வேகக்குறியால்தான் அறியப்படும், அந்தக் குறிகளை இட்டாலிக்கில் இடுவது பழக்கம். பீத்தோவனின் ஓபஸ் (படைப்பு எண்) 59, முதல் நால்வர் படைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பகுதியின் பெயர் ‘அலெக்ரெட்டோ விவாசே எ செம்ப்ரே ஸ்கெர்சாண்டோ’. மூன்றாவது ‘அடாஜியோ மோல்டோ எ மெஸ்டோ’. இவ்வளவு நீளத்தையும் குறுகிய பத்தியில் அடக்க 8 பாயிண்ட் வைத்தேன். 14 அலகு மயிரிழை 8 பாயிண்டில் எவ்வளவு? 0.112 பாயிண்ட், அதாவது 0.04 மி.மீ. கணக்குப் போட ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தை நான் செலவிடவில்லை.

ப்ரூஃபில், அதாவது சரிபார்க்கும் மாதிரி அச்சில், எல்லாம் அழகாகவே இருந்ததுதான் கொடுமை. காரணம் பின்னால் புரிந்தது. வந்தது டிஜிட்டல் ப்ரூஃப். அதில் எல்லா நிறமும் ஒரே ஓட்டத்தில் தாளில் விழும். உண்மையான அச்சு நடக்கும் ஆஃப்செட் இயந்திரத்தில் நான்கு மைக்கு நான்கு பிளேட் (அச்சுத் தகடு). ஆழமான கறுப்பு வேண்டுமென்று நான் நான்கு மைகளையும் கலந்து கறுப்பைக் கட்டியிருந்தேன். ஒரு பிளேட் 0.1 மி.மீ. நகர்ந்தாலும் ஆஃப்செட்டில் அது பெரிய குற்றமில்லை, சாதாரணப் படத்தில் யாரும் கவனிக்கப்போவதில்லை. ஆனால் 0.04 மி.மீ. அகல வெள்ளைக் கோட்டை அது முழுதாக விழுங்கிவிடும். நகர்வே இல்லாவிட்டாலும், இருபுறமிருந்தும் மை சற்றே பரவினால் போதும், கோடு அடைபட்டுவிடும்.

மயிரிழை போனால் அழகு மட்டும் போவதில்லை, எழுத்தே மாறிவிடுகிறது. இட்டாலிக்கில் சிறிய ‘என்’னுக்கும் ‘யூ’வுக்கும் (u) தண்டுகள் ஒன்றே. இணைப்பு மேலே வளைந்து சேர்ந்தால் ‘என்’, கீழே வளைந்து சேர்ந்தால் ‘யூ’. இணைப்பு அழிந்தால் இரண்டும் இரண்டு குச்சிகள். ‘ஈ’யின் (e) கண்ணை மூடும் கோடு போனால் அது ‘சி’ (c). இயந்திரம் ஓட்டியவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி.

ஃபிராங்க்ளினின் குறும்பு

இதற்கு முன்பே எனக்கு ஓர் எச்சரிக்கை கிடைத்திருந்தது. வயோலா வாசிப்பவர், குழுவில் மூத்தவர், திரையில் பக்கங்களைப் பார்த்துவிட்டு “கண் கூசுகிறது” என்றார். நான் மனதுக்குள் சிரித்தேன், ஏனென்றால் எனக்கு ஒரு பழைய கதை தெரியும்.

பாஸ்கர்வில்லின் எழுத்து வந்த புதிதில், அதன் மெல்லிய கோடுகள் நாட்டு மக்களின் கண்ணையே கெடுத்துவிடும் என்று ஒருவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளினிடம் குறைபட்டாராம். ஃபிராங்க்ளினும் அச்சுத் தொழிலில் வளர்ந்தவர். உள்ளே போய், அன்று எல்லோரும் பழகியிருந்த எழுத்து வார்ப்பாளர் கேஸ்லனின் மாதிரித்தாளை எடுத்து, மேலே இருந்த பெயரைக் கிழித்துவிட்டு, இதுதான் பாஸ்கர்வில் என்று நீட்டினார். வந்தவர் அதிலும் வரி வரியாகக் குறைகளைச் சுட்டிக்காட்டினார். 1760-ஐ ஒட்டி பாஸ்கர்வில்லுக்கே எழுதிய கடிதத்தில் ஃபிராங்க்ளின் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

அச்சகத்திலிருந்து திரும்பிய பிறகும் எனக்குள் கொஞ்சம் வீம்பு மிச்சம் இருந்தது. இரண்டு தாள்களை அச்சிட்டு, எது எதுவென்று சொல்லாமல் வயோலாக்காரரிடம் கொடுத்தேன். ஒன்றில் என் பழைய எழுத்துரு, மற்றதில் சிறு அளவுக்கென்றே வரைந்த வேறொரு இட்டாலிக். இரண்டும் 8 பாயிண்ட், இரண்டும் வெள்ளைத் தாளில் கறுப்பு. அவர் மேடையில் செய்வதுபோல் தாளைக் கைநீட்டும் தூரத்தில், மங்கிய விளக்கில் பிடித்தார். இரண்டு நொடி. “இதை வாசிக்க முடிகிறது. அதை ஊகிக்க வேண்டியிருக்கிறது” என்றார். ஃபிராங்க்ளினின் விருந்தாளி பெயரைப் பார்த்துக் குறை சொன்னார். இவர் எழுத்தைப் பார்த்துச் சொன்னார். குறும்பு எனக்கு எதிராகவே முடிந்தது.

ஒரே பெயரில் பல எழுத்துகள்

ஈய எழுத்துக் காலத்தில் இந்தச் சிக்கல் இந்த வடிவில் எழுந்திருக்காது. ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனியாக எஃகில் அச்சு வெட்டுவார்கள். 8 பாயிண்டை வெட்டும் கை மயிரிழையைச் சற்றுத் தடிமனாக்கும், எழுத்தை அகலப்படுத்தும், இடைவெளியைத் தளர்த்தும். போதோனி இறந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பின் அவர் மனைவி 1818-இல் வெளியிட்ட இரண்டு தொகுதி எழுத்து மாதிரிநூலைப் புரட்டினால், ஒரே பாணி அளவுக்கு அளவு நுணுக்கமாக மாறிக்கொண்டே போவதைக் காணலாம். லின் பாய்டு பென்டன் 1885-இல் காப்புரிமை பெற்ற அச்சு வெட்டும் இயந்திரம் ஒரே வரைபடத்திலிருந்து பல அளவுகளைப் பெறும் வழியைத் திறந்தது. பின்னர் ஒளி அச்சுக்கோப்பு வந்து ஒரே படத்தை லென்சால் பெரிதாக்கியது, சிறிதாக்கியது. கணினி அந்தப் பழக்கத்தையே தொடர்ந்தது. பெரிய அளவுக்கு வரைந்ததைச் சிறியதாக்கினால் மயிரிழை அழியும். சிறிய அளவுக்கு வரைந்ததைப் பெரியதாக்கினால் அது கயிறாகிவிடும், நளினம் போய்விடும்.

இதை மீண்டும் கையிலெடுத்த புகழ்பெற்ற வேலை ‘ஹார்ப்பர்ஸ் பஜார்’ இதழின் 1992 மறுவடிவமைப்பு. கலை இயக்குநர் ஃபேபியன் பரோன். ஜொனதன் ஹோஃப்லர் அதற்காக வரைந்த டிடோ, 6 பாயிண்டிலிருந்து 96 பாயிண்ட் வரை ஏழு தனி அளவுகளாக வந்தது. எந்த அளவில் வைத்தாலும் மயிரிழை மெல்லியதாகவே தெரியவேண்டும், ஆனால் உடையக்கூடாது என்பதுதான் நோக்கம். 2016-இல் மாறும் எழுத்துருக்கள் (வேரியபிள் ஃபாண்ட்) அறிமுகமான பிறகு இந்த ஏழையும் ஒரே கோப்பில் அடக்கலாம். ‘ஆப்டிகல் சைஸ்’ என்ற அளவுகோலை நகர்த்தினால் எழுத்து அளவுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும். இலவசமாகக் கிடைக்கும் ‘போதோனி மோடா’ எழுத்துருவில் இந்த அளவுகோல் 6-லிருந்து 96 வரை ஓடுகிறது, இட்டாலிக்கும் உண்டு.

நான் மாற்றியவை

சுவரொட்டிகள் ஏற்கெனவே ஒட்டப்பட்டுவிட்டன, அவற்றைத் தொடவில்லை. கையேட்டுக்கு அளவுக்கேற்ற வெட்டுகள் உள்ள வேறொரு குடும்பத்தை எடுத்தேன். அதன் சிறு அளவு இட்டாலிக்கில் மயிரிழை 45 அலகு. 8 பாயிண்டில் அது 0.13 மி.மீ. அளவுக்கு வரும், பழையதைப்போல் மூன்று மடங்குக்கு மேல். சுவரொட்டியையும் கையேட்டையும் அருகருகே வைத்தால் ‘எஃப்’பின் வால் வேறுவிதமாக வளைவது தெரியும். யாரும் வைக்கவில்லை.

கறுப்புப் பக்கங்களை அட்டைக்கு மட்டும் ஒதுக்கினேன், அங்கே எழுத்து 60 பாயிண்டுக்கு மேல். உள்ளே வெள்ளைத் தாள், ஒற்றைக் கறுப்பு மை. ஒரே பிளேட் என்பதால் நகர்வு என்ற பேச்சே இல்லை. தாளையும் மாற்றினேன்: பூச்சில்லாத தாள். அதில் மை சற்றே ஊறிப் பரவும், கறுப்புக் கோடு கொஞ்சம் தடிக்கும். ரிவர்ஸ் எழுத்தைக் கொன்ற அதே பரவல் இங்கே உதவிக்கு வந்தது.

வேகக்குறிகளும் படைப்பின் பெயர்களும் மட்டுமே இட்டாலிக். குறிப்புரை முழுவதும் அதிக வேறுபாடில்லாத ஒரு நேர் எழுத்தில். இந்த இட்டாலிக்கில் ஒரு பக்கம் முழுக்க வாசிக்க வைப்பது வாசகரைத் தண்டிப்பது. எல்லாத் தண்டும் ஒரே சாய்வு, ஒரே தடிப்பு, கண் வேலிக்கம்பிகளை எண்ணத் தொடங்கிவிடும். படத்தின்மேல் வரும் விளக்கவரி, மருந்துச் சீட்டு, படிவம், வழிகாட்டிப் பலகை எதற்கும் இதை நான் எடுக்கமாட்டேன். பெரிய எழுத்துகளை மட்டும் வரிசையாக அடுக்குவதும் வேண்டாம். சிறிய எழுத்துகளை இணைத்து ஓடவைக்கும் மயிரிழைகள் அங்கே இல்லாததால் சாய்வு மட்டும் மிஞ்சும். நுழைவுச்சீட்டில் குழுவின் பெயரை மட்டும் இட்டாலிக்கில் விட்டுவிட்டு, நேரத்தையும் இருக்கை எண்ணையும் சாதாரண செரிஃப் இல்லாத எழுத்துக்கு மாற்றினேன்.

இணையப் பக்கத்தில் இரண்டு சங்கதிகள். 16 பிக்சலில் பழைய மயிரிழை 0.22 பிக்சல்தான், சாதாரணத் திரையில் அது வெளிறிய சாம்பல் நிழலாகவே விழும். 40 பிக்சலுக்குக் கீழே பெரிய அளவு வெட்டைப் பயன்படுத்துவதில்லை என்று முடிவுசெய்தேன். இரண்டாவது, இட்டாலிக் கோப்பு வந்துசேராத கணத்தில் உலாவி நேர் எழுத்தையே பிடித்துச் சாய்த்துக் காட்டிவிடுகிறது. இரண்டடுக்கு ‘ஏ’ சாய்ந்து நிற்பதைப் பார்த்தால் போலியென்று உடனே தெரியும். அந்தப் போலிச் சாய்வைத் தடுக்க, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சி.எஸ்.எஸ்.ஸில் ஒரு வரி போதும், அதைச் சேர்த்தேன்.

நேரத்தை அதிகம் தின்றவை ஓரவேலைகள்தான். பெரிய அளவில் இந்த இட்டாலிக்கை இறுக்கமாகக் கோர்க்கவேண்டும், சிறிய அளவில் தளர்த்தவேண்டும். நடுவில் வைத்த தலைப்பு கணக்குப்படி சரியாக இருந்தும் வலப்பக்கம் ஒதுங்கியதுபோல் தோன்றும், கண்ணை நம்பி இடப்பக்கம் சற்றே இழுத்தேன். சாய்ந்த சொல்லின் கடைசியில் ‘எஃப்’ வந்து, அடுத்து நிமிர்ந்த அடைப்புக்குறி வந்தால், அதன் தலை அடைப்பில் போய் முட்டும். அவற்றை ஒவ்வொன்றாகத் தேடி இடைவெளி கொடுத்தேன்.

முதல் கச்சேரி முடிந்து, வயோலாக்காரர் தன் கையேட்டுப் பிரதியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். வேகக்குறிகள் பக்கத்தில் எந்தக் குறையும் இல்லை. 11ஆம் பக்கத்தில் பென்சிலால் ஒரு சிறு வட்டம். உள்ளே ஒரு ‘எஃப்’ அடைப்புக்குறியை முட்டிக்கொண்டு நின்றது.